பதினேழாம் எண்ணுக்கு அனுமதி இல்லை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்று மணி. பத்திரிகையில் வரும் இதே பத்திக்காகத்தான் கணினி முன்னால் உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். திரையின் வலது மூலையில் சின்னதாக ஒரு பெட்டி முளைத்தது.

உங்கள் வீட்டு இணைப்பில் உள்ள ஒரு சாதனம், பதினேழாம் எண், இந்தக் கணினிக்குள் வரப் பார்க்கிறது. அனுமதிக்கவா, தடுக்கவா?

என் வீட்டில் இருப்பது நான் ஒருவன். சாதனம் என்று பார்த்தால் ஒரு கைப்பேசி, ஒரு பிரிண்டர், இந்தக் கணினி. மூன்றின் எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் பதினேழு கிடையாது.

பிறகு யார் இது?

'தடு' என்பதை அமுக்கினேன். அதற்குக் கீழே ஒரு கட்டம். 'இனிமேலும் இப்படியே செய்.' அதிலும் ஒரு டிக் போட்டேன். பெட்டி மறைந்தது. எழுந்து போய் ஒரு கோப்பி கலக்கிக் குடித்தேன். அன்றைக்கு அந்தக் கோப்பி ரொம்ப ருசியாக இருந்தது.

இந்தக் காவல் வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும் அல்லவா?

பாலிங்கில் எனக்கு ஒரு பழைய கூட்டாளி இருக்கிறான். செல்வராஜ். அவனுடைய கணினிக்குள் என்னவோ நுழைந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. மகள் கல்யாணப் படம், பேரப்பிள்ளை தவழ்ந்த வீடியோ, எல்லாம். போனில் அவன் சொன்னது இதுதான்: "பேரு மட்டும் இருக்குடா. வரிசையா தெரியுது. தட்டுனா ஒன்னும் வரல."

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. பேரு மட்டும் இருக்கு.

என் கணினி உண்மையில் என்னுடையது இல்லை. ஸ்டெல்லாவுடையது. என் மனைவி. தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தவறிப் பதினான்கு மாதம் ஆகிறது. இந்தப் பத்தியை நெடுநாளாகப் படிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். நான் தாளில் கிறுக்கியதைத் தட்டெழுதி, எழுத்துப்பிழை திருத்தி, பத்திரிகைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது அவள்தான். கையுறைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஸ்டோர் பார்த்தவனுக்குக் கணினி எங்கே தெரியும்? அவள் போன பிறகுதான் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிக் கற்றுக்கொண்டேன்.

அவள் இருந்தபோது அந்தக் கணினியை அணைக்கவே மாட்டாள். "ஓடட்டும், ஒன்னும் ஆகாது" என்பாள். அவள் போன பிறகு நானும் அணைக்கவில்லை. அதன் உள்ளே ஒரு சின்ன விசிறி சுற்றுகிறது. புக்கிட் செலம்பாவில் எங்கள் குடியிருப்புத் தாமானில் காலை பத்து மணிக்கு மேல் மோட்டார் சைக்கிள் சத்தம்கூட அடங்கிவிடும். எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். அந்த விசிறியும் நின்றுவிட்டால் வீட்டில் வேறு சத்தம் இல்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் எடுத்த படங்கள், எழுதிய பாடக்குறிப்புகள், மாணவர்கள் அனுப்பிய வாழ்த்துகள்... எல்லாம் அதற்குள்தான். நான் திறந்து பார்த்ததில்லை. தைரியம் வரவில்லை. ஆனால் இருக்கிறது என்ற நினைப்பு வேண்டியிருந்தது. அதை எவனோ பூட்டிவிட்டுப் போனால்?

மறுநாளே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுங்கைப்பட்டாணிக்குப் போனேன். அங்கே கணினிக் கடை நடத்துபவர் ஒரு சீனப் பெண்மணி. 'தான்' என்பது குடும்பப் பெயர்; எல்லாரும் மிஸ் தான் என்பார்கள். நாற்பது வயது இருக்கும். என் பயத்தைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு மலாய் மொழியில் சொன்னார்.

"அங்கிள், உங்க கம்ப்யூட்டர்ல ஃபயர்வால் ஏற்கெனவே இருக்கு. ஆனா அது பேசாது. தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். உங்களுக்குப் பயமா இருந்தா பேசற மாதிரி ஒன்னு போட்டுக்கங்க. யார் வெளிய போறாங்க, யார் உள்ள வர்றாங்கன்னு ஒவ்வொன்னுக்கும் உங்களைக் கேக்கும். கொஞ்சம் தொந்தரவுதான்."

"பேசுமா?"

"பேசும். நாள் பூரா கேட்டுக்கிட்டே இருக்கும்."

"அதையே போடுங்க" என்றேன்.

போட்டுக்கொண்டு வந்தேன். அடுத்த இரண்டு நாள் எனக்குத் திருவிழா. பிரிண்டர் வெளியே போகலாமா? கடிகாரம் நேரம் சரிபார்க்கப் போகலாமா? பைபிள் வசனம் காட்டும் செயலி தன் வீட்டோடு பேசலாமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. யார், எங்கே, எந்த வழியாக... நான் ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. மிஸ் தான் தொந்தரவு என்றாரே... உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. நாள் முழுக்க என்னை யாராவது ஏதாவது கேட்டு எத்தனை நாளாயிற்று?

ஆர்வம் அதிகமானதில் சில அசம்பாவிதங்களும் நடந்தன. பிரிண்டரைப் பூட்டிவிட்டு, மை தீர்ந்துவிட்டது என்று புது மை வாங்கி வந்தேன். பத்திரிகை அலுவலகத்திலிருந்து உதவி ஆசிரியை போன் செய்தார்.

"சார், இந்த வாரப் பத்தி வரலியே? உடம்பு சரியில்லையா?"

"நேத்தே அனுப்பிட்டேனேம்மா."

அனுப்பியிருந்தேன். ஆனால் மின்னஞ்சலை வெளியே விடக்கூடாது என்று முந்தின நாள் நானே ஒரு விதி எழுதியிருந்தேன். கேட்டதற்கெல்லாம் 'தடு' போட்டுக்கொண்டு வந்த வேகத்தில் அதற்கும் போட்டுவிட்டேன். என் பத்தி என் வீட்டு வாசலிலேயே நின்றிருக்கிறது.

அதுவரை வெளியே போகிறவர்களைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிருந்த ஃபயர்வாலை, உள்ளே வருகிறவர்களையும் கேட்கும்படி இதற்கெல்லாம் பிறகுதான் மாற்றினேன்; அன்றைக்கே பதினேழு வந்தது.

அந்த ஃபயர்வாலில் ஒரு பதிவேடு உண்டு. யாரை, எப்போது தடுத்தது என்று வரிசையாக எழுதி வைக்கும். மறுநாள் திறந்து பார்த்தேன். புதன்கிழமை, மூன்று மணி, பதினேழு. தடுக்கப்பட்டது. மூன்று மணி இரண்டு நிமிடம், பதினேழு. தடுக்கப்பட்டது. மூன்று ஐந்து. மூன்று பன்னிரண்டு. வியாழக்கிழமையும் அப்படியே. தினமும் ஒரே நேரம். ஏழெட்டு முறை முட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான்.

ஒட்டுக்கடையில் டீ குடிக்கும்போது இதைச் சொன்னேன். ஹேக்கர், கணினித் திருடன் என்றார்கள் கூட இருந்தவர்கள். ரஷ்யாவில் இருப்பான் என்றார் ஒருவர். நானும் மறுக்கவில்லை. ரஷ்யாக்காரன் ஒருவன் தினமும் என் வீட்டு வாசலில் வந்து தோற்றுப்போகிறான் என்றால் சும்மாவா?

வெள்ளிக்கிழமை பிற்பகல். மூன்றரை இருக்கும். மழை இருட்டிக்கொண்டு நின்றது. கேட் அசைகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ராமையா அண்ணன் என் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அண்ணனுக்கு எழுபத்திரண்டு வயது. பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரியை ஓட்டியவர். ஆறு வருடத்துக்கு முன்னால் இனிப்பு நீர் நோய் அவருடைய இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டது. மனைவி எப்போதோ இறந்துவிட்டார். மகள் கலா மட்டும் கூட இருக்கிறாள். கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பகலில் அண்ணன் தனியாகத்தான் இருப்பார்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஆனால் ஸ்டெல்லாவை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததோடு சரி. அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு நான் போனதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. அந்த வீட்டோடு பேசிப் பழகியது அவள். அவள் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு கொடுத்த பலகாரத்தைத் தின்றவன் நான். அவள் இல்லாமல் போய் என்ன பேசுவது?

"என்னண்ணே, மழை வரப்போவுது. உள்ள வாங்க."

"இல்ல தம்பி. சும்மாதான். வீட்ல ஆள் இருக்கீங்களான்னு..."

"இருக்கேண்ணே. நான் எங்க போவப்போறேன்?"

"கரண்டு இருக்கா ஒங்க வீட்ல?"

"இருக்கே. ஒங்க வீட்ல இல்லியா?"

"இருக்கு, இருக்கு."

நின்றார். கம்பியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கம்ப்யூட்டர்லாம் நல்லா ஓடுதா தம்பி?"

இவருக்கு எதற்கு என் கணினி? இருந்தாலும் கேட்டுவிட்டாரே, விடுவேனா?

"ஜோரா ஓடுதுண்ணே. இப்ப புதுசா பாதுகாப்பு போட்டிருக்கேன். ஈ காக்கா உள்ள நுழைய முடியாது."

"அப்படியா" என்றார். கம்பியை விட்டுவிட்டு, "நல்லதுதான்" என்றார்.

திரும்பிச் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து போனார். நான் கூடப் போய் விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஒரு தூறல் விழுந்தது. உள்ளே வந்து ஜன்னலைச் சாத்தினேன்.

சனி, ஞாயிறு பதிவேட்டில் பதினேழு இல்லை. திங்கட்கிழமையும் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் பாருங்கள், செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு நானே போய்ப் பதிவேட்டைத் திறந்து அவன் வந்தானா என்று பார்த்தேன். வரவில்லை. ஏதோ ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கலா வந்தாள். கையில் மீஹூன் சேமியா வைத்த டப்பா. உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், ஒன்னு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"ஒங்க வைஃபையதான் நாங்க யூஸ் பண்றோம். ஆன்ட்டி பாஸ்வேர்ட் குடுத்திருந்தாங்க. அவங்க தவறுன பொறவு ஒங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன். நாளாக நாளாக சொல்ல வெக்கமா போச்சு."

"அதனால என்ன லா. இருக்கட்டும்."

"அது இல்ல அங்கிள்..." மீஹூன் டப்பாவை மடியிலேயே வைத்திருந்தாள். "பத்துப் பன்னெண்டு நாளா அப்பாவுக்கு ஆன்ட்டி வர மாட்றாங்க."

எனக்குப் புரியவில்லை. "யாரு வரல?"

"ஆன்ட்டி. எங்க டிவில. மூணு மணிக்கு."

அவளாகவே சொன்னாள்.

ஸ்டெல்லா உடம்பு நன்றாக இருந்தபோது வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவர்கள் வீட்டுக்குப் போய் அண்ணனுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவாள். அது எனக்கும் தெரியும். நோய் வந்து வெளியே நடக்க முடியாமல் போனதும் வாசித்ததைப் பதிவு செய்து இந்தக் கணினியில் ஒரு ஃபோல்டரில் போட ஆரம்பித்திருக்கிறாள். அவர்கள் வீட்டு டிவி எங்கள் வைஃபை வழியாக அந்த ஃபோல்டரைத் திறந்து ஒலிக்கவைக்கும். அதற்கு வழி செய்ததும் அவள்தான். அண்ணனுக்கு ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று தெரிய வேண்டுமே? அந்த ஒரு பொத்தான் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை வெட்டி ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். விரலால் தடவி அதை அமுக்கினால் போதும்.

"ஆன்ட்டி போன பொறவும் அப்பா தெனமும் போட்டுக் கேப்பாரு அங்கிள். அதே பழைய பேப்பர்தான். மூணு மணியானா டிவி முன்னாடி போய் உக்காந்துருவாரு. இப்ப போட்டா ஒன்னும் இல்லன்னு வருது. நான் டிவியக் கழட்டி மாட்டிப் பாத்தேன். ஒங்க கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சோன்னு நெனச்சேன். அப்பா ஒங்ககிட்ட கேக்க வேணாம்னுட்டாரு."

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அங்கிள்... ஆன்ட்டி வாசிச்சு வச்சது ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்றேன்.

"ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டா ஒங்களுக்கும் தொந்தரவு இல்ல. நான் வாங்கித் தர்றேன்."

யோசித்தேன். சரியான யோசனைதான். பத்து நிமிட வேலை. அதோடு முடிந்துவிடும்.

"ஃபைல் எல்லாம் பெருசும்மா" என்றேன். "பென்டிரைவ்ல ஏறாது. நான் சரி பண்ணிடறேன்."

அவள் போன பிறகு கணினி முன்னால் உட்கார்ந்தேன். தேடினேன். கஷ்டமாக ஒன்றும் இல்லை. 'அண்ணன்' என்று பெயர். பதினான்கு மாதமாக நான் திறக்காமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்த வரிசையில் நான்காவது.

நூற்று முப்பத்தொரு பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். ஞாயிறு பேப்பர். புதன் பேப்பர். கோயில் திருவிழா நோட்டீஸ். கிளினிக்கில் கொடுத்த சாப்பாட்டுத் தாள். பக்கத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்று இருந்தது. முதலில் இருந்தவை அரை மணி, நாற்பது நிமிடம். போகப் போக இருபது. அப்புறம் பதினொன்று. ஆறு. கடைசியில் இருந்தவை நான்கு நிமிடம், மூன்று நிமிடம்...

நான் எதையும் தட்டவில்லை. அந்த எண்களை மட்டும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் நோயோடு கிடந்த அந்த மாதங்களில் தினமும் மூன்று மணிக்கு அவள் ஒன்று சொல்வாள். "நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க. நான் சித்த நேரம் படுக்கறேன்." அவள் தூக்கம் கெடக்கூடாது என்று சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு ஒட்டுக்கடைக்குப் போவேன். நாலரைக்குத்தான் திரும்புவேன். திரும்பி வந்தால் அவள் குரல் கம்மியிருக்கும். தூங்கி எழுந்ததால் என்று நினைப்பேன். "நல்லா தூங்குனியா?" என்று கேட்பேன். "ம்" என்பாள்.

ஃபயர்வாலைத் திறந்தேன். பதினேழின் மேல், அதாவது அண்ணன் வீட்டு டிவியின் மேல், போட்டிருந்த தடையை எடுத்தேன். மிஸ் தான் சொல்லிக் கொடுத்தபடி புதிதாக ஒரு விதி எழுதினேன். யார்? பதினேழு மட்டும். எது? அந்த ஒரு ஃபோல்டர் மட்டும், கேட்கலாம், அழிக்க முடியாது. எந்த நேரம் என்று கேட்டது. மூன்றிலிருந்து நான்கு என்று போடலாம்தான். 'எப்போதும்' என்று போட்டேன்.

திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பதிவேட்டின் முன்னால் காத்திருந்தேன். மூன்று ஐந்து. மூன்று பத்து. மூன்று இருபது. பதினேழு வரவில்லை.

நான் கதவைத் திறந்து வைத்துவிட்டேன். ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்? தினமும் முட்டிப் பார்த்து, இல்லை என்று ஆகி, விட்டுவிட்ட மனுஷன்.

சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். என் கேட்டிலிருந்து அவர் கேட்டுக்குப் பன்னிரண்டு காலடி. பதினான்கு மாதம் நடக்காத தூரம்.

அண்ணன் வாசல் போர்ச்சில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் ரோட்டுப் பக்கம்.

"யாரு?"

"நான்தாண்ணே."

"தம்பியா? வாங்க, வாங்க." எழப்போனார். தோளைத் தொட்டு உட்காரவைத்தேன்.

"டிவியப் போடுங்கண்ணே. சரி பண்ணிட்டேன்."

அவர் எழுந்து உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். சோபாவில் அவர் உட்காரும் இடம் குழிந்திருந்தது. ரிமோட்டை எடுத்துப் பெருவிரலால் தடவினார். பிளாஸ்டர் அழுக்கேறி ஓரம் சுருண்டிருந்தது. அமுக்கினார்.

திரையில் ஒன்றும் இல்லை. ஒரு வட்டம் சுற்றியது. பிறகு ஓர் இருமல். பிறகு...

"அண்ணே, சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? இன்னிக்கு ஞாயித்துக்கெழம பேப்பர். மொதல்ல இவரோட பத்திய வாசிச்சு முடிச்சிடறேன். அப்பறம் நல்ல விஷயங்களுக்குப் போவோம்."

அண்ணன் சிரித்தார். எத்தனையாவது தடவையோ, இருந்தும் சிரித்தார்.

அவள் வாசித்தாள். நான் எப்போதோ எழுதிய பத்தி. தபால் நிலையத்துக்குப் போய் மழையில் மாட்டிக்கொண்ட கதை. அண்ணனின் உதடுகள் அவள் குரலுக்கு ஒரு சொல் முன்னாலேயே அசைந்தன. பாதியில் அவள் நிறுத்தினாள்.

"இந்த எடத்துல இவரு பொய் சொல்றாருண்ணே. தெப்பமா நனைஞ்சேன்னு எழுதியிருக்காரு. கொடைய நான்தான் குடுத்து அனுப்புனேன். ஒரு சொட்டு நனையல. பத்திக்கு வேணும்னு நனைஞ்சிருக்காரு."

பக்கத்தில் அண்ணன் குலுங்கிச் சிரிக்கிறார். எனக்கும் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தேன். எந்த இடத்தில் அது வேறாக மாறியது என்று தெரியவில்லை.

"அழுவுறீங்களா தம்பி?"

"இல்லண்ணே."

"செரி" என்றார்.

பதிவு முடிந்தது. அடுத்தது தொடங்கும் முன் அவர் நிறுத்தினார். வீட்டில் சத்தமே இல்லை.

"நான்தாண்ணே தடுத்துட்டேன். யாருன்னு தெரியாம."

"தெரியும் தம்பி. ஈ காக்கா நுழைய முடியாதுன்னு சொன்னீங்கள்ல. அப்பவே நெனச்சேன்."

"அப்பவே கேட்டிருக்கலாம்லண்ணே?"

அவர் ரிமோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டார். "என்னன்னு கேப்பேன்? ஒங்க பொஞ்சாதி கொரல எனக்குக் குடுங்கன்னா?"

சுருண்டிருந்த பிளாஸ்டர் ஓரத்தை விரலால் நீவிவிட்டார்.

"ஒங்களுக்கு இது தெரியாதுன்னும் எனக்குத் தெரியும். தங்கச்சியே சொல்லிருக்கு. 'அவருகிட்ட சொல்லிறாதீங்கண்ணே. தெரிஞ்சா, இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு ஒனக்கு என்னாத்துக்கு இந்த வேல, வாய மூடிட்டுப் படுன்னு சொல்வாரு'ன்னுச்சு. அது போன பொறவு ஒங்ககிட்ட சொல்லலாம்னு பல நாளு நெனச்சேன். நீங்க வரல. நானும் வரல."

சொல்லியிருப்பேன்தான். அதே வார்த்தைகளில் சொல்லியிருப்பேன். அவளுக்கு என்னைத் தெரியும். நல்லது செய்கிறோம் என்று நினைத்து அவள் வாயை மூடியிருப்பேன். அந்த நூற்று முப்பத்தொன்றும் இருந்திருக்காது.

அடுத்த நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. பழைய பத்திரிகையையே எத்தனை நாள் கேட்பார்? அன்றைய பத்திரிகையை வாங்கிக்கொண்டு மூன்று மணிக்குப் போனேன். "நான் வாசிக்கறேண்ணே" என்றேன். தலைப்புச் செய்தியிலிருந்து தொடங்கி விளையாட்டுப் பக்கம் வரை வாசித்தேன். அண்ணன் மரியாதையாகக் கேட்டார். மூன்று நாள் கேட்டார். நான்காம் நாள் நான் தொண்டையைச் செருமியதும் கையை நீட்டி என் முட்டியைத் தட்டினார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்கண்ணே."

"நீங்க ரொம்ப வேகமா வாசிக்கிறீங்க. ஒங்களுக்கு எங்கயோ போவணும்ங்கிற மாதிரி." ரிமோட்டைத் தேடி எடுத்தார். "பழசே போடுவோமா?"

பழசே போட்டோம்.

இப்போது தினமும் அப்படித்தான். மூன்று மணிக்கு அவர் சோபாவில் ஓர் ஓரம், நான் ஓர் ஓரம். ஒரு நாளைக்கு இரண்டு பதிவு. எப்போதோ நடந்து முடிந்த இடைத்தேர்தலில் யார் நிற்கப்போகிறார்கள் என்று கேட்கிறோம். எப்போதோ இறங்கிப்போன கோழி விலை ஏறப்போகிறது என்று கவலைப்படுகிறோம். நீளமானவற்றை மட்டும்தான் போடுகிறார் அண்ணன். அந்த மூன்று நிமிடம், நான்கு நிமிடம் உள்ளவற்றுக்கு வந்தால் மறுபடி மேலே போய்விடுவார். "அதுல தங்கச்சிக்கு மூச்சு வாங்கும் தம்பி" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

கலா பென்டிரைவ் பற்றி மறுபடி கேட்கவில்லை. கடையில் கிடைக்கிற ஆக மலிவான பென்டிரைவிலும் அது ஏறும் என்று அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள்.

இதை எழுதலாமா என்று அண்ணனைக் கேட்டேன். "எழுதுங்க. பேர மட்டும் மாத்திடுங்க" என்றார். மாற்றியிருக்கிறேன்.

மிஸ் தானைப் போன வாரம் பார்த்தேன். ஃபயர்வால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். தெரியாதவர் வந்தால் அது என்னைக் கேட்கிறது. நான்தான் யார் என்று கேட்காமலே 'தடு' போட்டேன். மெஷின் மேல் குற்றம் இல்லை. தனியாக இருந்து பழகிவிட்டால் எந்தத் தட்டலைக் கேட்டாலும் திருடன் என்றுதான் தோன்றுகிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தடை போட்டு வைத்திருக்கிறீர்களா? ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நிஜமான திருடனாகவும் இருக்கலாம்... அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆக, மூன்று மணிக்கு இப்போது எனக்குப் பிரச்சினை இல்லை. இரண்டு பதிவு முடிந்து அண்ணன் டிவியை அணைக்கும்போது மணி நாலு ஆகியிருக்கும். "அப்ப வரேண்ணே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

நாலு மணிக்கு என்ன செய்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.